சேஃபா, லீகலா ஒரு சூதாட்டம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் பக்கத்தில் வழக்கமான கடையில் சாயா குடித்துக்கொண்டு இருந்தேன். பெங்களூரில் இருந்து அக்கா பையன் போன். ஐ.டி. கம்பெனியில் வேலை, இருபத்தைந்து வயது. ரூமில் கூட மூன்று பேர். பொதுவாக அவனுக்கு மாமன் ஞாபகம் வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான்.

"மாமா, நீங்க பேங்க்ல இருக்கீங்கள்லா, ஒரு விஷயம் கேக்கணும். கிரிப்டோ கேசினோல சேஃபா, லீகலா விளையாட எது நல்ல சைட்டு?"

"ஏன்டே, நான் பேங்க்லதான இருக்கேன், கேசினோலயா இருக்கேன்?"

சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு சரியில்லை. கடன் தவணை தவறியவர்கள் மேனேஜர் அறையில் உட்கார்ந்து சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. இருபது வருடமாகக் கேட்டுப் பழகிவிட்டது.

விஷயத்துக்குப் போகும் முன் ஒரு சின்னக் கொசுவத்தி. நான் ஒன்றும் சூதாட்டத்தைப் பார்த்துக் காது பொத்திக்கொள்ளும் ஆசாமி இல்லை. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது எங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு போனார்கள். மலை ஏறினால் கேரளா, கேரளாவில் லாட்டரி. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஆரியங்காவில் சீட்டு வாங்கி வருவது பலருக்கு ஒரு நாள் புரோகிராம். எங்கள் பெரியப்பா அதில் கில்லாடி. வாழ்நாளில் அவருக்கு விழுந்த மொத்தத் தொகையைவிட பஸ் டிக்கெட்டுக்குக் கொடுத்தது அதிகம். இன்று நான் பிழைக்கிற மாநிலத்தில் அரசாங்கமே சீட்டு விற்கிறது. 1967-ல் தனி இலாகா தொடங்கி, 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல் நடத்தியது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். ஆகவே "சூது பாவம்" என்று இங்கே பிரசங்கம் பண்ணப்போவதில்லை. மருமகன் கேட்ட இரண்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சேஃப், லீகல். இரண்டும் என் தொழிலில் தினமும் புழங்கும் வார்த்தைகள்.

தெரியாதவர்களுக்காக: கிரிப்டோ கேசினோ என்பது சக்கரம், சீட்டு, ஸ்லாட், டைஸ் எல்லாம் போனில் ஆடும் இணையதளம். ரூபாயாகப் போட முடியாது. பிட்காயினோ யூஎஸ்டிடியோ வாங்கி அவர்கள் சொல்லும் முகவரிக்கு அனுப்ப வேண்டும். யூஎஸ்டிடி என்றால் ஒரு டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும்படி உருவாக்கிய காயின். ஜெயித்தால் காயினாகத் திரும்பி வரும். வர வேண்டும்.

லீகலா?

மருமகனின் வாதம் இது: "கிரிப்டோ இந்தியாவுல தடை இல்லையே மாமா. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. நான் டாக்ஸும் கட்டுறேன். பிறகு என்ன?"

பாதி சரி. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ ஆட்களுக்குச் சேவை தரக்கூடாது என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரலில் இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. ஜூலை 2022 முதல் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். வைத்திருப்பது குற்றம் இல்லை, வரி உண்டு. அவ்வளவுதான்.

ஆனால் வரி கட்டினால் செய்கிற காரியம் சட்டபூர்வம் ஆகிவிடும் என்று யார் சொன்னது? பி.காம். படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்கள், வருமான வரிக்காரன் பணம் எந்த வழியில் வந்தது என்று பார்த்து வரியைத் தள்ளுபடி செய்ய மாட்டான். கடத்தல் வருமானத்துக்கும் வரி உண்டு. ரசீது கையில் இருக்கிறது என்பதால் கடத்தல் வியாபாரம் ஆகிவிடாது. கத்தி வைத்திருப்பது குற்றம் இல்லை, குத்தினால் குற்றம். கிரிப்டோ வேறு, அதை வைத்து ஆடும் கேசினோ வேறு.

கேசினோவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டார்கள், 2021-ல் அது சட்டமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் குழு, மறுபடி அவசரச் சட்டம், மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது என்று இழுத்து, 2023 ஏப்ரலில் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டம் என்று விலக்கியது. ஆனால் அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடை செல்லும் என்றுவிட்டது. கேரளத்திலும் கதை ஏறக்குறைய அப்படித்தான். 2021 பிப்ரவரியில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்குத் தடை, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து. ரம்மிக்காரர்கள் தப்பியது 'திறமை' என்ற ஒற்றை வார்த்தையால். சக்கரத்துக்கும் ஸ்லாட்டுக்கும் என்ன திறமை? பட்டனை அழுத்துவதா?

அடுத்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் நிறைவேற்றி, 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அந்தப் பட்டிமன்றத்தையே மூடியது. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி காசு எதிர்பார்க்கும் ஆட்டம் என்றால் நடத்தக்கூடாது. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். இன்னொன்று கவனியுங்கள். 'காசு' என்றால் ரூபாய் மட்டும் இல்லை. காசாக மாற்றக்கூடிய காயின், டோக்கன் எல்லாமே சேர்த்துத்தான். வெளிநாட்டில் இருந்து நடத்தினாலும், இந்தியாவில் உள்ளவனுக்குக் கடை விரித்தால் பொருந்தும். வங்கிகள் அந்தப் பணத்தைக் கையாளவே கூடாது. சட்டம் வந்த கையோடு பெரிய பெரிய நிறுவனங்களே காசு ஆட்டத்தை நிறுத்தின. எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின.

"ஆடுறவனுக்குத் தண்டனை இல்லையே மாமா." நன்றாகப் படித்திருக்கிறான், இந்த அக்கறையைப் பரீட்சைக்குக் காட்டியிருக்கலாம் :-) உண்மைதான், மத்தியச் சட்டம் ஆடுபவனை விட்டுவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டம் விடவில்லை. 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொங்கலுக்கு ஊருக்கு வந்து மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு ஆடினால் அது பொருந்தும்.

அந்நியச் செலாவணி விதியும் இருக்கிறது. லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக்ஸ் மாதிரி விஷயங்களுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப 2000-ம் ஆண்டு விதிகளிலேயே தடை. கவுன்டரில் வந்து "கேசினோவுக்கு ஐநூறு டாலர் அனுப்பணும்" என்று கேட்டால் எந்த வங்கியும் அனுப்பாது. முன்வாசல் வழியாக அனுப்ப முடியாத பணத்துக்குத்தான் கிரிப்டோ என்ற கொல்லைப்புறம்.

சரி, சேஃபாவது உண்டா?

அவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள்.

ஒன்று, ஆட்டத்தில் ஏமாற்று இல்லை, நீங்களே சரிபார்க்கலாம். ஆட்டத்துக்கு முன்பே முடிவுக்கான ரகசிய எண்ணைப் பூட்டி, பூட்டின் அடையாளத்தை உங்களிடம் கொடுத்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் திறந்து பார்த்து, நடுவில் மாற்றவில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது சொல்வது "நடுவில் முடிவை மாற்றவில்லை" என்பது மட்டும். நீங்கள் தோற்க மாட்டீர்கள் என்றோ, ஜெயித்தால் காசு தருவோம் என்றோ அது சொல்லவில்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஐரோப்பியச் சக்கரத்தில் 37 கட்டம். ஒரு எண்ணில் ஜெயித்தால் 35 மடங்கு. வீட்டுக்காரனுக்குச் சராசரி 2.7 சதவீதம். இதைவிடக் குறைவாக, ஒரு சதவீதம்தான் எடுக்கிறோம் என்று விளம்பரம் செய்யும் டைஸ் ஆட்டங்களும் உண்டு. ஒரு சதவீதம்தானே? ராத்திரி நூறு நூறு ரூபாயாக 500 தடவை ஆடினால் (போனில் அது பெரிய விஷயமே இல்லை) மொத்தம் 50,000 ரூபாய் புரள்கிறது. ஒரு சதவீதம் என்றால் 500 ரூபாய். இருபது ராத்திரியில் 10,000 ரூபாய். ஒரு பைசா ஏமாற்றாமல், நூற்றுக்கு நூறு நேர்மையாக.

போனஸ் கணக்கு இன்னும் அழகு. உதாரணத்துக்கு, 5,000 ரூபாய் போனஸ், ஆனால் 40 மடங்கு ஆடிய பிறகுதான் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 லட்சம் புரள வேண்டும். 2.7 சதவீதம் என்றால் 5,400 ரூபாய் போகும். 5,000 ரூபாய் இனாமுக்கு 5,400 ரூபாய் செலவு. எங்கள் வங்கி இப்படி ஒரு டெபாசிட் திட்டம் போட்டால் கல்லெடுத்து அடிப்பீர்கள்.

இரண்டாவது, "எங்களிடம் உரிமம் இருக்கிறது." கரீபியன் கடலில் குராசோ என்று ஒரு தீவு, அந்த உரிமம்தான் இந்தத் தொழிலில் பிரபலம். இருக்கட்டும். உங்கள் பணம் வரவில்லை என்றால் அந்தத் தீவுக்குப் போய் யாரைப் பார்ப்பீர்கள்? விதிமுறைகளைப் படித்தீர்களா? எந்தெந்த நாட்டுக்காரர் ஆடக்கூடாது என்று பட்டியல் இருக்கும். விபிஎன் போட்டு உள்ளே போனால் டெபாசிட் வாங்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். பணம் எடுக்கப் போகும்போதுதான் பாஸ்போர்ட், முகவரி, செல்ஃபி எல்லாம் கேட்பார்கள்.

இந்த இடத்தில் மருமகன் சத்தமே இல்லை. "ஏலே, லைன்ல இருக்கியா?" என்றேன். அதன் பிறகுதான் உண்மை வந்தது.

அவனுக்கு நடந்ததும் அதேதான். ஆறு மாதத்தில் 80,000 ரூபாய் போட்டிருக்கிறான். ஒரு ராத்திரி கணக்கில் 2 லட்சத்துக்கு மேல் காட்டியிருக்கிறது. எடுக்கப் போனான். ஆதாரம் கேட்டார்கள், கொடுத்தான். "நீங்கள் தடை செய்யப்பட்ட நாட்டில் இருந்து ஆடியிருக்கிறீர்கள்" என்று ஒரு வரி மெயில். கணக்கு மூடியாச்சு. அதனால்தான் 'சேஃபான' இன்னொரு சைட் கேட்கிறான். விட்டதைப் பிடிக்க!

பி.காம். இரண்டாம் வருடம் ஒப்பந்தச் சட்டம் படித்தவர்களுக்கு 30-வது பிரிவு ஞாபகம் இருக்கும். 1872-ம் ஆண்டுச் சட்டம். பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. குதிரைப் பந்தயப் பரிசுக்கு ஒரு சின்ன விலக்கு உண்டு. எங்கள் வாத்தியார் இதை நடத்தும்போது வகுப்பே தூங்கும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய குண்டு

80,000 போனது போகட்டும் என்று நான் சமாதானம் சொல்லும்போது அடுத்ததைச் சொன்னான். சம்பள அக்கவுண்ட் முடங்கிக் கிடக்கிறது. மூன்று வாரமாக.

நடந்தது இதுதான். அதற்கு முன்பு ஒரு தடவை உண்மையிலேயே ஜெயித்து காயின் கைக்கு வந்திருக்கிறது. அதை ரூபாயாக்க, ஆளுக்கு ஆள் நேராக விற்கும் முறையில் முகம் தெரியாத ஒருவருக்கு விற்றான். 18,000 ரூபாய் யூபிஐ-யில் வந்தது. அந்தப் பணம் வேறொரு மாநிலத்தில் யாரோ ஒரு அப்பாவியை ஏமாற்றிப் பறித்த பணம். அந்த அப்பாவி 1930-க்கு போன் பண்ணிப் புகார் கொடுத்துவிட்டார். புகார் வந்ததும் பணம் எந்தெந்தக் கணக்குக்குக் கை மாறியதோ அத்தனையையும் வரிசையாகப் பிடித்துக்கொண்டே போவார்கள். நாலாவது கையோ ஐந்தாவது கையோ, நம் பையன் கணக்கு மாட்டிவிட்டது.

மட்டாஞ்சேரியில் எங்கள் கிளைக்கும் இப்படி ஆட்கள் வருகிறார்கள். மசாலாக் கடை, பழம்பொருள் கடை வைத்திருப்பவர்கள்கூட. அவர்களிடம் பில் இருக்கும், "இந்தச் சரக்குக்கு வந்த பணம்" என்று காட்டுவார்கள். 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், முழுக் கணக்கையும் முடக்காமல் புகாரில் உள்ள தொகையோடு நிறுத்திக்கொள்ளும்படி உத்தரவு போட்டது. ஓரளவு ஆறுதல். ஆனால் மருமகன் என்ன பில் காட்டுவான்? விசாரணை அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "நீ விற்ற காயின் உனக்கு எப்படி வந்தது?" உண்மையைச் சொன்னால் கேசினோ. பொய் சொன்னால் போலீஸிடம் பொய். நிரபராதி என்று நிரூபிக்க வேண்டிய காகிதமே குற்றத்தின் காகிதமாக இருக்கிறது. என் சர்வீஸில் எத்தனையோ சிக்கல் பார்த்துவிட்டேன், இப்படி இரண்டு பக்கமும் கூரான கத்தியைப் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு வகையும் உண்டு. "உன் அக்கவுண்ட்டை வாடகைக்குக் கொடு, மாசம் இவ்வளவு" என்று வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் பையன்களைக் கேட்கிறார்கள். சூதாட்டப் பணத்தையும் மோசடிப் பணத்தையும் ஓட்டுவதற்கு. பாஸ்புக்கை மட்டும் கொடுப்பதாக நினைத்துக்கொள்வான். கொடுப்பது தன் பெயரை.

சேஃப் என்றால் என்ன?

எங்கள் கிளையில் இருந்து நடக்கிற தூரத்தில் யூதத் தெரு. அங்கே மிளகு முன்பேர வணிகம் நடந்த சங்கக் கட்டிடம் இருக்கிறது. 1957-ல் தொடங்கியது. அறுவடைக்கு வராத மிளகுக்கு விலை பேசினார்கள். அதிலும் ஊகம் உண்டு, பணம் விட்டவர்கள் உண்டு. ஆனால் உறுப்பினர் யார் என்று தெரியும், முன்பணம் கட்ட வேண்டும், கணக்குத் தீர்க்க நடுவில் ஓர் அமைப்பு இருந்தது. தகராறு என்றால் போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. கேரள லாட்டரியிலும் அப்படித்தான். பொதுவில் குலுக்கல், பரிசு விழுந்தால் சீட்டைக் கொடுத்து வாங்க ஓர் அலுவலகம்.

நான் இருபது வருடத்தில் கற்றது இதுதான். 'சேஃப்' என்றால் நஷ்டம் வராது என்று அர்த்தம் இல்லை. நஷ்டம் வந்தால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். 'லீகல்' என்றால் அந்த ஆள் பதில் சொல்லாவிட்டால் நமக்காகக் கேட்க ஒரு கோர்ட் இருக்கிறது என்று அர்த்தம். கிரிப்டோ கேசினோவில் இந்த இரண்டு பேரும் இல்லை. ஆகவே நல்ல சைட், கெட்ட சைட் என்ற கேள்வியே தப்பு.

"இவ்வளவு தடை போட்டதால்தானே எல்லோரும் இந்தக் கொல்லைப்புறத்துக்கு ஓடுகிறார்கள்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆரியங்காவு போன ஊர்க்காரன் நான், இல்லை என்று சொல்ல முடியாது. முழுத் தடையைவிடக் கடுமையான உரிமமும் கண்காணிப்பும் நல்லது என்று வாதாட இடம் இருக்கிறது. பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனம், தகராறு என்றால் சுதந்திரமான ஒரு நடுவரிடம் போக வழி செய்தே ஆக வேண்டும். ஆடாமல் இருக்கத் தன்னைத்தானே எல்லாத் தளங்களில் இருந்தும் விலக்கிக்கொள்ளவும் வசதி உண்டு. ஆனால் அது சட்டம் எப்படி இருக்கலாம் என்ற வாதம். இன்று ராத்திரி உங்கள் பையன் பணம் போட்டால் அந்த வாதம் அவனைக் காப்பாற்றாது. சிங்கப்பூர் சொந்தங்களே, உங்களுக்கும்தான். உரிமம் இல்லாத தளத்தில் ஆடினால் 2022-ம் ஆண்டுச் சட்டப்படி ஆடுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. வளைகுடாவில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வேலையும் விசாவும் சேர்ந்து போகும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நாம் எல்லோரும் ஊரை விட்டு வந்தவர்கள், அல்லது பிள்ளையை வெளியூர் அனுப்பியவர்கள். தனி ரூம், கையில் சம்பளம், ராத்திரியில் பேச ஆள் இல்லை. அந்த நேரத்தில் போன் கூப்பிடுகிறது. திட்டினால் மறைப்பான். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு மாத ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்கள். சம்பளம் வந்த இரண்டாம் நாளே சின்னச் சின்னத் தொகையாக முகம் தெரியாத பெயர்களுக்குப் போகிறதா? லோன் ஆப்களில் இருந்து வரவு வருகிறதா? கேள்வியை அங்கே இருந்து தொடங்குங்கள்.

கணக்கு முடங்கினால் ஓடி ஒளியாதீர்கள். வங்கியில் போய் எந்த ஸ்டேஷன், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேளுங்கள். ஆதாரங்களை அழிக்காதீர்கள். ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டு" என்று வருகிறவன் அடுத்த திருடன். மனம் தாங்காவிட்டால் 14416-க்கு போன் பண்ணுங்கள், அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். பணம் போனால் சம்பாதிக்கலாம் என்பது தேய்ந்த வசனம்தான். ஆனால் பணத்துக்காக உயிரை விட்ட பிள்ளைகளின் செய்திகளைத் தமிழ்நாட்டில் நிறையப் படித்துவிட்டோம்.

மருமகனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "வக்கீல் நான் பாத்துத் தாரேன், கூடவே ஸ்டேஷனுக்கும் வாரேன். ஆனா அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்." ரொம்ப நேரம் கெஞ்சினான். தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் அவன்தான் கட்டவேண்டும், அம்மாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவாள் என்றான். நான் விடவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்கும் தூக்கம் இல்லை. தங்கமணி, "சின்னப் பையன், நீங்களே பக்குவமா சொல்லியிருக்கலாம்" என்றாள். இருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறித் தென்காசி போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் பண்ணினாள். அழவில்லை. "ஃபீஸுக்கு என் வளையல் இருக்கு, அத விடு. நீ முதல்ல வக்கீல பாரு" என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஆறு மாசமா ராத்திரி தூங்காம இருந்திருக்கான்டா, நான் வேலைன்னு நெனச்சேன்" என்றாள்.

கணக்கு இன்னும் திறக்கவில்லை. அடுத்த வாரம் லீவு போட்டிருக்கிறேன்.

டிஸ்கி: இது சட்ட ஆலோசனை இல்லை, ஒரு மாமனின் புலம்பல். அடகுக் கடையில் வளையலுக்கு எவ்வளவு வட்டி என்று அக்கா கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, ஃபீஸை நானே அனுப்பிவிட்டேன். தங்கமணிக்குத் தெரியும் :-)